தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மொழி, மதம், சிறுபான்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூருக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள், புதிதாகச் சேரும் ஆசிரியர்கள், பெண் எடுக்கவோ கொடுக்கவோ வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றோடு உள்ளூர்ப் பிள்ளைகள் கேட்கும் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரி. விஷயம் அப்படி.

ஓசூர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் தெலுங்கும் கன்னடமும் கேட்கிறதே, இவர்கள் எல்லாம் எப்போது வந்தவர்கள்?

பெரும்பாலானவர்கள் வந்தவர்களே இல்லை. எல்லைதான் வந்து போனது. இந்த மண்ணை நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூர்க்காரர் என்று மாறி மாறி ஆண்டிருக்கிறார்கள். பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதற்கு அதிகாரியாக வந்தவர் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. மலைக்கு மேலே இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி 1799இல் திப்பு இறந்த பிறகுதான் கம்பெனியோடு சேர்ந்தது. பின்பு எல்லாம் சேலம் மாவட்டம். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. 1965இல் தர்மபுரி தனி மாவட்டம், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம்.

இத்தனை கைமாறியும் தளியில் கன்னடம் பேசும் குடும்பம் அதே வீட்டில் அதே ராகி விதைத்துக்கொண்டுதான் இருந்தது. அவர்களிடம் போய் "நீங்க எப்போ வந்தீங்க?" என்று கேட்டால் கோபம் வராதா?

இராணுவத்தோடு வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள், பஞ்சத்தில் வந்தவர்கள் என்று வரலாறு உள்ள குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கும் பல தலைமுறை ஆகிவிட்டது.

தர்மபுரியும் இதே மாதிரிதானா?

இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழுக்கு அடுத்து தெலுங்கு, அப்புறம் கன்னடம், உருது. ஓசூர், பாகலூர், பேரிகை, சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு கனமாக இருக்கும். தளி, அஞ்செட்டிப் பக்கம் கன்னடம். கீழே ஊத்தங்கரை, போச்சம்பள்ளி என்று இறங்க இறங்கத் தமிழ்தான்.

தர்மபுரி மாவட்டத்தில் தமிழ் பேசுவோர்தான் மிகப் பெரும்பான்மை. ஆனால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாகப் பேருந்தில் போய்ப் பாருங்கள். ஊர்ப் பெயர்ப் பலகை முழுக்க அள்ளி, அள்ளி என்றே வரும். பேசுவது தமிழ், ஊர்ப் பெயர் கன்னடச் சாயல். அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஊரில் மூன்று நான்கு மொழி இருந்தால் அன்றாடம் எப்படி நடக்கிறது? குழப்பம் வராதா?

குழப்பம் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தான். சூளகிரியில் கொத்தமல்லிக் கட்டு விலை பேசும் இடத்தில் நின்று கேளுங்கள். விவசாயி தெலுங்கில் விலை சொல்வார், வியாபாரி கன்னடத்தில் குறைப்பார், கட்டு எண்ணுகிற பையன் தமிழில் எண்ணுவான், பெங்களூருக்குப் போகும் வண்டி டிரைவர் உருதுவில் அவசரப்படுத்துவார். நால்வரும் நான்கு மொழியையும் புரிந்துகொள்கிறவர்கள். எந்த மொழி வாயில் முதலில் வருகிறதோ அதில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

மொழியே தேவைப்படாத இடமும் உண்டு. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தை. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்று மூன்று மாநிலத்து ஆட்களும் வருவார்கள். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தி மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடிப்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தால், ஒருவர் தலையை ஆட்டுவார், இன்னொருவர் மாட்டின் பல்லை மறுபடி பார்க்கப் போவார், திரும்பி வந்து மறுபடி துண்டு. பேச்சு முடிந்தால் கயிறு கைமாறும். தரகர் இல்லாமல் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு நான்கு மொழியும் தெரிந்திருக்கும், கமிஷனும் இரண்டு பக்கமும் வாங்குவார்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்றால் குழந்தைகளுக்குச் சிரமம் இல்லையா?

முதல் இரண்டு வகுப்பில் சிரமம்தான். அப்புறம் பிள்ளை எப்படியோ பிடித்துக்கொள்ளும். ஆனால் "எப்படியோ" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவு 1956இல் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. அதற்கும் முன்பே, 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு வகுப்பில் 10 பேரோ, பள்ளி முழுவதும் 40 பேரோ அந்தத் தாய்மொழிப் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் போட வேண்டும். இந்தக் கணக்கு பல பெற்றோருக்கும், ஏன், சில தலைமையாசிரியர்களுக்குமே தெரியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பாடநூல் கழகம் இந்த மொழிகளில் புத்தகமும் அச்சிடுகிறது. சிக்கல் ஆசிரியரில். ஓய்வு பெறுகிறவர் இடத்துக்கு அந்த மொழி தெரிந்தவர் உடனே வரமாட்டார். இரண்டு வருடம் இடம் காலி கிடந்தால் பெற்றோர் பிள்ளையைத் தமிழ்வழிக்கோ, அதைவிட அதிகமாக ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கோ மாற்றிவிடுவார்கள். பிறகு "பிள்ளைகளே இல்லை" என்ற காரணத்தில் அந்தப் பிரிவு சுருங்கும். யாரும் ஆணை போட்டு மூடவில்லை, தானாகவே தேய்கிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் இதே ஆங்கிலவழியிடம்தான் பிள்ளைகளை இழக்கின்றன என்பது தனிக்கதை.

தமிழ் கட்டாயம் என்ற சட்டம் என்ன ஆயிற்று?

தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. 2006–07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தொட்டது. சட்டம் ஏறிய வேகத்தில் எல்லைப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர்கள் ஏறவில்லை. தமிழே ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளை பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத வேண்டிய நிலை. வழக்குகள் போனதும் நீதிமன்றம் அவ்வப்போது விலக்குக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டுத் தேர்வுக்கு விலக்கு அளித்தது. உங்கள் பிள்ளைக்கு இந்த ஆண்டு என்ன நிலை என்பதைப் பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும். வேலைக்கும் வழக்குக்கும் அதுதான் கைகொடுக்கும். அதைத் தாய்மொழியின் இடத்தில் வைக்காமல் பக்கத்தில் வைத்துக் கற்றுத்தர முடியும். அதற்கு இரண்டு ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை.

அரசு அலுவலகத்தில் கன்னடத்தில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. ஒரு பகுதியில் ஒரு மொழிச் சிறுபான்மை 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இதையெல்லாம் கண்காணிக்க மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையர் பதவி ஒன்று 1957இல் உருவானது.

நடைமுறையில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் தெலுங்கில் சொல்லி, தமிழில் எழுதி வாங்கி, கைநாட்டோ கையெழுத்தோ போடுகிறார். தான் சொன்னதுதான் எழுதப்பட்டதா என்று அவருக்குத் தெரியாது. பட்டா விஷயத்தில் இது சின்ன ஆபத்து இல்லை. படித்துக் காட்டச் சொல்லுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பின்லாந்தில் ஒரு நகராட்சியில் ஸ்வீடிஷ் பேசுவோர் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தாலே அது இருமொழி நகராட்சி. பெயர்ப் பலகை முதல் எல்லாம் இரண்டு மொழியில். நம் 15 சதவீதம் காகிதத்தில் மோசமில்லை, பலகையில்தான் காணோம்.

'சிறுபான்மையினர்' என்று அரசு யாரைச் சொல்கிறது?

இரண்டு வகை. மதச் சிறுபான்மை என்றால் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014 முதல் சமணர். மொழிச் சிறுபான்மை என்பது மாநிலத்தைப் பொறுத்தது. டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், மொழியானாலும் மதமானாலும் சிறுபான்மையா இல்லையா என்பதை மாநில அளவில்தான் பார்க்க வேண்டும் என்றது. ஆகவே ஓசூரில் தெலுங்கர் சிறுபான்மை, சித்தூரில் பெரும்பான்மை. கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளி தாண்டியதும் நாம் சிறுபான்மை.

மொழிச் சிறுபான்மை என்பதற்காக வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. இதைக் கேட்டு அலைகிறவர்கள் பலர். இடஒதுக்கீடு சாதிச் சான்றிதழில் வருகிறது. மொழிக்குக் கிடைப்பது கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையும் மேலே சொன்ன பாதுகாப்புகளும்.

முஸ்லிம்கள் எல்லாரும் உருது பேசுவார்களா?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் ஊர்களில் பெரும்பாலும் ஆமாம். அது தக்கனி உருது, அதாவது தக்காணத்து வழக்கு, டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். தமிழ் மட்டுமே பேசும் லெப்பைகளும் இருக்கிறார்கள். துதேகுலா என்ற பிரிவினர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டில் இந்த மூன்று பிரிவும் உண்டு. அது 2007இல் வந்தது.

சமூகங்கள் ஒன்றோடொன்று கலப்பதைப் பார்க்க ஆசையென்றால் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக்குப் போகலாம். விஜயநகர காலத்துக் கோட்டை, பிறகு ஐதர் அலி, திப்பு வைத்திருந்த கோட்டை, அதே மலையில் தர்கா. பாத்தியா ஓத வருகிறவர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கப் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் பெண்களில் பாதிப்பேர் இந்துக்கள். தொழுகை முடித்து வெளியே வருகிறவர்கள் வரிசையாகக் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். எந்தக் கட்சிக்காரரும் ஏற்பாடு செய்த நல்லிணக்கம் இல்லை இது.

கிறிஸ்தவர்கள்?

எண்ணிக்கையில் குறைவு, காலத்தில் பழசு. கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. தர்மபுரி 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் ஆனது. பலரும் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கு மட்டும் தந்ததை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் நீட்டினார்கள். அத்தோடு நின்றது.

கோயில் திருவிழாக்களில் மொழிவாரியாகப் பிரிவு உண்டா?

சாமிக்கு மொழி இல்லை, பாட்டுக்கு உண்டு. தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி தேருக்குத் தெலுங்கர், கன்னடர், தமிழர் எல்லாரும் வடம் பிடிப்பார்கள். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேரும் அப்படியே. குரும்பர் சமூகத்தினரின் வீரபத்திர சாமி விழாவில் தலையில் தேங்காய் உடைக்கும் நேர்த்திக்கடனைப் பார்க்கப் பக்கத்து ஊர்க் கூட்டமே வரும். யுகாதிக்குத் தமிழ்நாடு அரசே விடுமுறை விடுகிறது. ஓசூரில் அன்று வேப்பம்பூவும் வெல்லமும் எந்த வீட்டில் கிடைக்கும் என்று மொழி பார்த்துச் சொல்ல முடியாது.

சித்தேரி மலையில் 'மலையாளி' என்கிறார்களே, கேரளத்தவர்களா?

இல்லவே இல்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலையேறியதாக அவர்களிடையே வாய்மொழிக் கதை உண்டு. சாமை, தினை, வரகு விளைவிப்பவர்கள். வத்தல்மலையில் காப்பியும் மிளகும். மொழியிலும் சாமியிலும் சமவெளித் தமிழரோடு ஒன்றுதான். அதனால் ஒருங்கிணைந்துவிட்டார்கள் என்று அர்த்தமா? அரூர் பக்கத்து வாச்சாத்தியைக் கேளுங்கள்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். முதலில் புகாரையே யாரும் நம்பவில்லை. அரசு ஊழியர்கள் இப்படிச் செய்வார்களா என்றே கேட்டார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. விசாரித்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது; அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு இன்னும் 12 ஆண்டு. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அடித்தவனும் தமிழ், அடிபட்டவளும் தமிழ். சிறுபான்மை என்றால் வேறு மொழி பேசுகிறவர் என்று மட்டும் நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

லம்பாடி, குருமன்ஸ் ஆட்கள் சான்றிதழுக்காக அலைவது ஏன்?

லம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பழங்குடி. கர்நாடகத்தில் பட்டியல் சாதி. தமிழ்நாட்டில் இரண்டிலும் இல்லை. அக்கா ஆந்திராவில் குப்பம் ஊரில் வாழ்க்கைப்பட்டு, தங்கை இங்கே பர்கூரில் வாழ்க்கைப்பட்டால் பிள்ளைகளுக்கு வெவ்வேறு சலுகை. அவர்கள் மொழியையோ, மக்கள்தொகைக் கணக்கு இந்தியின் கீழ் சேர்த்துவிடுகிறது.

குருமன்ஸ் என்பது தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. குரும்பா என்பதோ, நீலகிரியைத் தவிர மற்ற மாவட்டங்களில், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில். தாத்தாவின் பழைய பத்திரத்தில் எழுத்தர் எப்படி எழுதினாரோ அதைப் பொறுத்து பேரனின் கல்லூரி இடம் நிற்கிறது. பழங்குடிச் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர், ஓசூரில் சப்-கலெக்டர். நேரில் வந்து குலதெய்வம் என்ன, கல்யாணச் சடங்கு எப்படி என்று விசாரிப்பார்கள். பள்ளி விடுமுறையில் மனு போடாதீர்கள், பத்தாம் வகுப்புக்கு முன்பே போடுங்கள். மெடிக்கல் கவுன்சலிங் நேரத்தில் ஓடுகிறவர்கள்தான் அதிகம் கண்ணீர் விடுகிறார்கள்.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

காவிரிப் பிரச்சினை கிளம்பினால் இங்கே கன்னடம் பேசுகிறவர்கள் பாடு என்ன?

உள்ளூரில் ஒன்றும் ஆவதில்லை. எல்லையிலுள்ள ஜூஜுவாடியில் பஸ் நிற்கும், எல்லாரும் அத்திப்பள்ளி வரை நடப்பார்கள், தளிக்காரர் கனகபுராவில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு போன் போட்டு நிலவரம் கேட்பார். சூடு எல்லாம் பெங்களூரில். 1991 டிசம்பரில் அங்கே தமிழர்கள் தாக்கப்பட்டபோது குடும்பம் குடும்பமாக ஓசூர் வழியே ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தன. 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எதிர்த்தும் கன்னட அமைப்புகள் கிளம்பின. புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்து பல் மஞ்சளாகிப்போன இந்த இரண்டு மாவட்டத்துக்கும் அது உயிர்ப் பிரச்சினை. 2013இல் திட்டம் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்ணீரைத் தளியில் கன்னடம் பேசும் வீட்டிலும்தான் பிடிக்கிறார்கள்.

தர்மபுரி மாவட்டத்து ஆட்கள் கட்டட வேலைக்கு அதிகம் போவதும் அதே பெங்களூருக்குத்தான். அங்கே நம் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி வேண்டும் என்று கேட்கிறவர், இங்கே ஓசூரில் தெலுங்குப் பள்ளி எதற்கு என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அப்படியென்றால் இங்கே பிரிவினையே இல்லையா?

இருக்கிறது, மொழியில் இல்லை. தெலுங்கு பேசும் ரெட்டியாரும் தெலுங்கு பேசும் அருந்ததியரும் ஒரே தெருவில் இருக்க மாட்டார்கள். ஒரே மொழி, ஒரே சாமி, தனித் தெரு, தனிச் சுடுகாடு. அதே ரெட்டியாரும் தமிழ் பேசும் கவுண்டரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் சொன்னார்கள். எரித்தவர் எரிக்கப்பட்டவர் இருவரும் பேசுவது அச்சு அசலான தர்மபுரித் தமிழ்.

சிங்கப்பூரில் 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விகிதத்துக்கு மேல் ஒரே கட்டடத்தில் சேரக் கூடாது என்று விதி வைத்தார்கள். நம் ஊரில் அதுபோல ஒன்றை முயன்றது 1997இல் அறிவித்த சமத்துவபுரம்: 100 வீட்டில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. நல்ல யோசனை. ஊருக்கு வெளியே தனியாகக் கட்டியதால் ஊர் அப்படியே இருந்தது.

முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை உண்டா?

பெரும்பாலோருக்கு இல்லை. இரண்டு மாவட்டத்திலும் அணைகளை ஒட்டிச் சில முகாம்கள் உண்டு. 2021இல் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். வீடுகளும் புதிதாகக் கட்டினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசும் பிள்ளைக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத்தவர் பெருகிவிட்டார்கள், உள்ளூர் மொழி போய்விடாதா?

ஓசூருக்கு 1970களின் கடைசியிலிருந்தே தொழிற்சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. அப்போது வந்தவர்கள் மதுரை, நெல்லைக்காரர்கள். அவர்களையும் "வெளியாட்கள்" என்றுதான் சொன்னார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். முன்பு வந்தவன் குடும்பத்தோடு வந்தான், வீடு கட்டினான், தெலுங்கும் கற்றான். இப்போது வருகிறவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர், விடுதியில் தங்கி, விடுதிப் பஸ்ஸில் ஆலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். ஊரோடு பேச நேரமே இல்லாதவர் எந்த மொழியைக் கெடுக்கப் போகிறார்?

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே குழு அனுப்பிப் பார்த்தது. அந்த வதந்திக்கு இரை கிடைத்ததற்குக் காரணம், எட்டு பேர் ஓர் அறையில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வாழ்வதுதான். சந்தையில் கடை போட்ட ஒடியாக்காரர் பயப்படவில்லை. அவரிடம் தினமும் நாற்பது பேர் பேசுகிறார்களே.

செங்கல் சூளை, கல்குவாரிப் பிள்ளைகளை அருகிலுள்ள அரசுப் பள்ளி எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது; கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எந்த மொழியில் பேசுவார்கள்?

ஓட்டு எந்த மொழியில் இருக்கிறதோ அதில். 2024இல் கிருஷ்ணகிரி எம்.பி. மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார். சென்னையில் சிலர் புருவம் உயர்த்தினார்கள். ஓசூரில் யாருக்கும் அது செய்தியாகவே படவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று எதைச் சொல்ல?

வீட்டில் அம்மா உங்களோடு எதில் பேசினாரோ அதை. எழுதத் தெரியாது என்பதெல்லாம் தடையில்லை. லம்பாடி என்றால் லம்பாடி என்றே சொல்லுங்கள், இருளர் மொழி என்றால் அப்படியே. கணக்கெடுக்க வருகிறவர் "தமிழ்னு போட்டுக்கட்டுமாங்க?" என்று வேலையைச் சுருக்கப் பார்ப்பார், தாய்மொழிக்கு ஒரு கேள்வி, தெரிந்த பிற மொழிக்குத் தனிக் கேள்வி, இரண்டும் உண்டு என்று சொல்லி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாக வைத்து நடக்கிறது, சாதியும் இந்த முறை கேட்கப்படும்.